கூலியும் பேரும்

சென்ற மாசி மகத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, மாத்தளை நகரத்துத் தெருக்களெல்லாம் முத்துமாரியம்மன் தேர்த் திருவிழாவுக்கெனத் தோரணம் பூண்டுகொண்டிருந்த வேளையில், என் பழைய மாணவி ஒருத்தி தன் அம்மாயியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு என் வீட்டுப் படியேறி வந்தாள். மாணவி இப்பொழுது எல்கடுவைப் பக்கத்திலே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அம்மாயிக்கு எண்பத்தைந்து வயதுக்குக் குறையாது. கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி நெற்றிக்கு மேலே மயிர் உதிர்ந்து வழித்தடம் போல ஒரு கோடு விழுந்திருந்தது. தேர் பார்க்க வந்தவர்கள் என்னையும் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்து, தேநீர் கொண்டுவரச் சொன்னேன்.

தேநீர் வருமுன்னரே மாணவி தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் மேசைமேல் விரித்தாள். அது ஒரு பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். அம்மாயியினுடைய தகப்பனார் 1912 ஆம் ஆண்டிலே ஒரு தோட்டத்து லயத்திற் பிறந்ததற்குச் சான்று. மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்புறம் கடதாசி ஒட்டப்பட்டிருந்தது.

"ஐயா, எங்கள் குடும்பத்து வரலாற்றை ஒரு கொப்பியிலே எழுதிக்கொண்டு வருகிறேன். இதைத் தமிழிலே பெயர்த்துத் தர வேண்டும். ஓர் இடத்திலேதான் எனக்குச் சிக்கல்" என்றாள்.

சிக்கல் எந்த இடத்தில் என்று அவள் காட்டவேண்டியிருக்கவில்லை. தந்தையின் தொழில் இன்னதென எழுதும் கட்டத்திலே, சாய்வெழுத்தில், அழகாகவே, ஐந்தெழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது. சைவனாகிய எனக்கு ஐந்தெழுத்தென்றால் நினைவுக்கு வருவது வேறு. இந்த ஐந்தெழுத்தோ 'கூலி' என்பது. நான் என்னையறியாமல் உரக்கப் படித்துவிட்டேன்: "தொழில், கூலி."

அதுவரை வாசலில் நின்ற கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவி என் பக்கம் திரும்பினாள்.

"கூலியா? எவ்வளவுன்னு போட்டிருக்காங்க, வாத்தியாரய்யா?"

மாணவி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தமிழ் படிப்பித்து வரும் நான் அந்தச் சொல்லை ஆங்கிலேயன் படித்தபடியே படித்தேன். பள்ளிக்கூடத்து வாசலை மிதியாத அம்மூதாட்டி அதைத் தமிழாகக் கேட்டாள். கூலி என்றால் ஒரு தொகை; செய்த வேலைக்கு வரவேண்டிய ஒன்று; ஆகவே எவ்வளவு என்பதே அடுத்த கேள்வி. அதில் என்ன பிழை?

இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போன கதையை அன்றிரவு எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆங்கிலோ இந்தியச் சொற்களுக்கெனவே யூல் என்பாரும் பர்னல் என்பாரும் தொகுத்து 1886 இல் வெளியிட்ட 'ஹொப்சன் ஜொப்சன்' என்னும் பேரகராதியில் இச்சொல்லுக்கு நெடிய கட்டுரையே உண்டு. அவர்கள் முதலிடம் கொடுப்பது குஜராத்துக் கரையோரத்தில் வாழும் கோலி என்னும் இனத்தாரின் பெயருக்கு. மேற்குக் கரைக்கு முதலில் வந்த ஐரோப்பியர் அவ்வினத்தாரைச் சுமை தூக்கவும் பிற வேலைகளுக்கும் அமர்த்த, இனப்பெயரே வேலையாளின் பெயராயிற்று என்பது அவர்கள் கொள்கை. ஆயினும், தென்னாட்டிலே தமிழிலும் கன்னடத்திலும் 'கூலி' என்றொரு சொல் ஊதியத்தைக் குறித்து வழங்குவதையும், 1855 இல் வருவாய்த் துறை, நீதித்துறைச் சொற்களுக்கு அகராதி செய்த வில்சன் என்பார் அதுவே மூலம் எனக் கருதியதையும் அவர்கள் மறைக்கவில்லை. துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் ஒரு சொல்லும் இதற்கு ஒலியால் நெருங்கி நிற்பதைச் சுட்டுகிறார்கள்.

இவற்றுள் எது மெய்? தமிழிலிருந்தே போயிற்று என்று நான் சாதித்தால் வாசகர் சிலர் மகிழக்கூடும். ஆயின், சொல்லாராய்ச்சியிலே சொந்தப் பிள்ளைக்குப் பரிந்து சாட்சி சொல்லலாகாது. மேற்கே கோலி என்ற பெயரோடு ஒன்று. கிழக்கே கூலி என்ற ஊதியத்தோடு ஒன்று. இரண்டும் ஐரோப்பியன் வாயிலே கலந்து ஒன்றாகிவிட்டன என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இலங்கைத் தோட்டத்துரைமாரைப் பொறுத்தவரையில் ஐயத்துக்கு இடமில்லை. அவர்கள் ஆண்ட மலைகளில் குஜராத்துக் கோலிகள் எங்கிருந்தார்கள்? அவர்கள் காதில் நாள்தோறும் விழுந்தது தமிழ்க் கூலிதான்.

தமிழிலே இச்சொல்லின் குடிப்பிறப்பு உயர்ந்தது. திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் அறுபத்திரண்டாம் அதிகாரத்தில் 619 ஆம் குறள் இச்சொல்லை ஆளுகின்றது. ஊழ் துணை செய்யாவிடினும், உடல் வருந்த முயன்றதற்குரிய பயன் கிடைக்காமற் போகாது என்பது அதன் கருத்து. அந்தப் பயனுக்கு வள்ளுவர் தேர்ந்த சொல் கூலி. தெய்வத்தையும் கூலியையும் ஒரே குறளில் நிறுத்தி, தெய்வம் கைவிட்டாலும் கூலி கைவிடாது என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது! மதுரையிலோ தெய்வமே கூலிக்கு வந்தது. வந்தி என்னும் மூதாட்டிக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு, சிவபெருமான் வைகைக் கரையிலே மண் சுமந்த கதையைத் திருவிளையாடற் புராணத்திற் படியாத சைவப் பிள்ளை இல்லை. அங்கும் அவர் கூலியாளாக வந்தார். கூலியாக வந்தது பிட்டு. ஆள் வேறு, கூலி வேறு.

இந்த வேற்றுமையைத் தமிழ் நெடுங்காலம் காத்து வந்தது. கூலியாள், கூலிக்காரன், கூலிக்கு வந்தவன் என்று ஒரு சொல்லைச் சேர்த்தே மனிதனைச் சுட்டுவோம். பாரதியார் 'கண்ணன் என் சேவகன்' என்னும் பாட்டைக் கூலி என்ற சொல்லோடுதான் தொடங்குகிறார். அங்கும் அது வேலைக்காரர் கேட்கும் பொருளே ஒழிய வேலைக்காரர் அல்லர். நம் அயலார் மொழிகளைப் பாருங்கள். மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கூலி ஊதியமே. சிங்களத்தில் 'குலிய' என்பது வாடகையையும் குறிக்கும். வீட்டு வாடகையை 'கெவல் குலிய' என்று மாத்தளைச் சந்தையில் எவரும் சொல்லக் கேட்கலாம். வீடு கூலிக்கு விடப்படும். அதற்காக வீட்டையே கூலி என்று அழைப்பாரில்லை.

ஆங்கிலத்தார் செய்தது என்ன? பின்னால் நின்ற 'ஆள்' என்பதை வெட்டிவிட்டார்கள். இலக்கணம் படித்தவர்கள் இதனை ஆகுபெயர் என்று அமைதி கூறக்கூடும். உழைப்பவன் காரணம், கூலி காரியம், ஆதலின் காரியவாகுபெயர் என்று என் பழைய ஆசிரியர் ஒருவர் சாதித்திருப்பார். நன்னூலார் காட்டாத எடுத்துக்காட்டு! ஆயின் ஆகுபெயரில் ஒரு பொருளின் பெயர் மற்றொன்றுக்கு ஆகி வருமே தவிர, அந்த மற்றொன்று இல்லாமற் போய்விடாது. இங்கே ஆள் இல்லாமலே போனான். மிஞ்சியது கூலி, அதுவும் மிகச் சிறிய கூலி.

நம் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் பல. கறி போயிற்று; கட்டுமரம் போயிற்று; சுருட்டுப் போயிற்று; மிளகுதண்ணீர் சற்றே உருக்குலைந்து போயிற்று. பண்டங்களின் பெயர்கள் போன இடத்திலே மரியாதையாக இருக்கின்றன. மனிதரின் பெயராகப் போன இரண்டு, 'கூலி'யும் 'பறையர்' என்பதன் திரிபும், அங்கே இழிசொற்களாயின. நாம் முன்னரே இழிவு கலந்து கொடுத்ததைத்தான் அவர்கள் வாங்கிக்கொண்டார்களோ என்ற கேள்வியை இங்கே வைத்துவிட்டு மேலே செல்கிறேன். அதற்குத் திரும்பி வருவேன்.

1834 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை ஒழிந்தது. அதே ஆண்டில் மொரீசியசுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கப்பல் புறப்பட்டது. அடிமை என்ற சொல் சட்டத்திலிருந்து வெளியேறிய வாசல் வழியே கூலி என்ற சொல் உள்ளே நுழைந்தது. பின்னர் அது போகாத தேசமில்லை. மலாயில் 'குலி' ஆயிற்று. சீனர் அதனை எழுதுவதற்குத் தேர்ந்த இரண்டு எழுத்துகளுக்கும் கசப்பு, வலிமை என்று பொருள். ஒலியையும் காட்டி உழைப்பின் சுவையையும் காட்டிவிட்டார்கள். தென்னாபிரிக்காவில் திரான்சுவால் குடியரசின் 1885 ஆம் ஆண்டு மூன்றாம் இலக்கச் சட்டம், ஆசியர் இன்னின்னார் என்று வகுக்கும்போது கூலிகள் என்பதை ஓர் இனத்தின் பெயராகவே எழுதிற்று. 1893 இல் அந்நாட்டுக்குப் போன காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். அங்கே இந்திய வணிகர் கூலி வணிகர். கூலி என்பதன் பழைய பொருளே மறந்துபோயிற்று என்று அவர் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். இன்னொரு செய்தியும் அங்கே உண்டு. தமிழர் பெயர்களின் ஈற்றிலே 'சாமி' என்று வருவதைக் கேட்ட வெள்ளையர், இந்தியரையெல்லாம் 'சாமி' என்று இளக்காரமாக அழைத்தார்களாம். உணர்வுள்ள இந்தியர் சிலர், "சாமி என்றால் எசமான், நான் உமக்கு எசமான் அல்லனே" என்று மறுமொழி கொடுப்பார்களாம். வசையை வாழ்த்தாக்கும் வித்தை நம்மவர்க்குத் தெரியாததன்று!

இனி நம் மாத்தளைக்கு வருவோம். கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையிலே இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டு வழியே கால்நடையாக நடந்து, மலைநாட்டின் வாசலாகக் கண்டது இந்த ஊரைத்தான். வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இறந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880 இல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது 1914 இல். அதற்கு முன் நடந்தவர்களுக்குக் கால்களே வண்டி. 2023 இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் பலர் அவ்வழியே மீண்டும் நடந்தார்கள். என் மாணவியும் அந்நடைபயணத்தில் கடைசி இரண்டு நாள் கலந்துகொண்டவள். குடும்ப வரலாறு எழுதவேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு அப்போது தோன்றியதே.

இப்படி நடந்து வந்தவர்களுக்காக வெள்ளைத் துரைமார் ஒரு கலப்பு மொழியை ஆக்கிக்கொண்டார்கள். பெரிய துரை, சின்னத் துரை, கங்காணி, கணக்கப்பிள்ளை, தபால், துண்டு என்னும் தமிழ்நாட்டு வழக்கெல்லாம் அவர்களுடைய ஆங்கிலத்திலே புகுந்தன. புதிதாக வரும் சின்னத்துரைக்குத் தமிழ் கற்பிக்க அச்சிட்ட கையேடொன்றின் பெயரே 'இங்கே வா' என்பது! ஒரு மொழியை ஏவல் வினையிலே தொடங்கி ஏவல் வினையிலே முடித்துவிடலாம் என்பது அவர்கள் கண்ட இலக்கணம். கண்காணி என்பது சோழர் கல்வெட்டுகளிலே கோயிற் காரியங்களை மேற்பார்த்தவரைக் குறித்த மதிப்பான சொல். அது கங்காணியாகிப் பட்ட பாடு தனியே எழுதத் தக்கது. துண்டு என்பதோ இன்னும் கொடியது. ஒரு கங்காணியின் கீழுள்ள ஆட்களின் கடன் இவ்வளவு என்று எழுதிய ஒரு துண்டுக் கடதாசியை வைத்துக்கொண்டு, அத்தொகையைக் கட்டும் மற்றொரு தோட்டத்துக்கு அத்தனை பேரையும் மாற்றிவிடுவார்கள். 1921 ஆம் ஆண்டிலேதான் சட்டம் அதனை ஒழித்தது.

சட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தியத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி இலங்கையில் 1889 ஆம் ஆண்டிலே பதின்மூன்றாம் இலக்கச் சட்டம் ஒன்று பிறந்தது. தொழிலாளர் என்றால் யார் என்று விளக்குமிடத்தில், பொதுவழக்கிலே 'இந்தியக் கூலிகள்' எனப்படுவோர் என்று அது குறித்தது; 'துலுக்கர்' என்று வழங்கப்படும் முஸ்லிம்களும் அதில் அடங்குவர் என்று சேர்த்தது. நம் துலுக்கர் என்பது அங்கே 'துலிக்கன்' என்று உருமாறி நிற்கும். கூலி என்பது துரையின் வாய்க்கொச்சையிலிருந்து சட்டப் புத்தகத்துக்கு ஏறியது இவ்விதம். சட்டத்தில் ஏறிய சொல் பதிவேட்டில் ஏறாதா? 1912 இல் சாய்வெழுத்திலே அதனை எழுதிய எழுத்தரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னிருந்த உலகம் முழுவதும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தது.

தோட்டத்து மக்கள் பதிலுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பளிப்பது. ஆங்கிலச் சொற்களை அவர்களும் எடுத்துத் தமிழாக்கிக்கொண்டார்கள். 'லைன்' என்பது லயம் ஆயிற்று. இசையிலே லயம் என்பதற்குள்ள இனிமையை நினைத்துக்கொண்டு, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் நெருக்கி நிற்கும் அந்த நீண்ட கொட்டகையையும் நினைத்தால் மனம் கூசுகிறது. விடியற்காலையிலே ஆட்களைக் கணக்கெடுக்கும் இடம் பிரட்டுக்களம். அது 'பரேட்' என்பதன் திரிபு என்பர். ஆள்வரவும் சம்பளமும் குறிக்கும் புத்தகம் செக்ரோல். கூலி என்ற சொல்லை மட்டும் அவர்கள் தங்களுக்குப் பெயராக ஏற்றுக்கொள்ளவில்லை. ஊதியத்துக்குக்கூட அதனை அவ்வளவாக வழங்குவதில்லை; சம்பளம் என்பார்கள். சம்பு என்னும் நெல்லும் அளம் என்னும் உப்பும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்று சிலர் பிரித்துக் காட்டுவர். அது எவ்வளவு உறுதியோ, ஆங்கிலேயரின் 'சலரி' என்பதற்குள்ளும் உப்பு இருப்பது உறுதி. 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு மலையகத்தார் பல ஆண்டுகள் கொடி பிடித்து, 2021 இல் சம்பளச் சபை வழியாக அதனைப் பெற்றபோதும் அவர்கள் எழுப்பிய முழக்கம் சம்பளம் என்பதே.

இதிலும் நுட்பமான மற்றொரு சொல் உண்டு. தோட்டத்திலே ஒரு நாள் வேலையும் அதற்குரிய சம்பளமும் 'ஒரு பேர்' எனப்படும். செக்ரோலிலே பெயருக்கு நேராகக் குறி விழுந்தால் பேர் விழுந்தது என்பார்கள். எடுத்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். கணக்கப்பிள்ளையோடு வாய்கொடுத்தால் பேர் போடாமலும் விட்டுவிடுவார். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டால், எத்தனை மனிதர் என்பது பொருளன்று, எத்தனை நாட்சம்பளம் என்பது பொருள். துரைமாரும் இதனைத் தங்கள் ஆங்கிலத்திலே பெயர்த்து 'அரைப்பெயர்' என்றே வழங்கினார்கள். ஆங்கிலத்தான் கூலியை எடுத்து ஆளுக்குப் பெயராக்கினான். தோட்டத்தார் தங்கள் பெயரையே எடுத்துக் கூலிக்கு வைத்துவிட்டார்கள். பிரட்டுக்களத்துப் பனியிலே நின்றுகொண்டு இந்த மாற்றத்தைச் செய்தவர் எவரோ, அவருக்குப் பண்டிதர் பட்டம் கொடுத்தார் எவருமில்லை.

மேலே வைத்துவிட்டு வந்த கேள்விக்கு வருகிறேன். நான் பிறந்தது யாழ்ப்பாணத்திலே. நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையிலே மலைநாட்டுத் தமிழரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் தாராளமாக வந்து விழும். தேவாரம் ஓதிய வாயிலிருந்தே அது வரும். அதனை நானும் சொல்லியிருக்கிறேன். பண்டித பரீட்சைக்குப் படித்தபோது எத்தனையோ அருஞ்சொற்களுக்குப் பொருள் உருப்போட்டேன். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எவரும் கேட்கவுமில்லை, நான் நினைக்கவுமில்லை. மாத்தளைக்கு ஆசிரியனாக வந்த முதல் ஆண்டிலே, வகுப்பிலே இரு பையன்களின் சண்டையில் ஒருவன் அதனைச் சொல்ல, மற்றவன் அடிக்காமல், அழாமல், தன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு எழுந்து போனதைக் கண்டபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. அவன் மறுநாளும் வரவில்லை. நான் லயத்துக்குப் போய் அழைத்து வந்தேன். ஆங்கிலேயனுடைய அகராதியை விரித்து வைத்துக்கொண்டு நான் நீதி பேசும்போது இது என் நினைவில் இருக்கவேண்டும் என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

கூலிக்கு மாரடித்தல் என்னும் பழந்தொடரும் நம்முடையதுதானே.

உலகத்தின் பிற பகுதிகளிலே இவ்வசையைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் அதனைத் தாமே விரும்பி எடுத்து அணிந்துகொண்டிருக்கிறார்கள். கயானாவில் ராஜ்குமாரி சிங் என்னும் எழுத்தாளர் 1973 இல் 'நான் ஒரு கூலி' என்று தலைப்பிட்டே கட்டுரை எழுதினார். மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி 1992 இல் 'கூலித்துவம்' என்பது போல ஒரு புதுச்சொல் படைத்தார். அந்நாட்டிலே ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய படித்துறைக்கோ, முன்பு வழங்கிய கூலித்துறை என்னும் பெயர் நீங்கி, ஆப்பிரவாசி கட்டம் என்னும் பெயர் நிலைத்தது. யுனெஸ்கோ அதனை 2006 இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஒருவர் சொல்லை அணிகிறார், மற்றொருவர் களைகிறார். இரண்டும் அவரவர் உரிமை. நம் மலையகத்தார் இரண்டையும் செய்யாமல், மலையகத் தமிழர் என்று மலையைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார்கள். பிரசைகளல்லர் என்று 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் புறந்தள்ளப்பட்டவர்கள் மண்ணைத் தம் பெயரிலே சேர்த்துக்கொண்டது பொருளுள்ள செயல்.

எல்லாவற்றையும் ஆராய்ந்த பின்பும் மாணவியின் சிக்கல் அப்படியே இருந்தது. அவளுடைய தாய்மாமன், 'தொழிலாளி' என்று போட்டுவிடு, எதற்கு வம்பு என்றாராம். அவளுக்கு அது சம்மதமில்லை. "1912 இலே அவர்களைத் தொழிலாளி என்று மரியாதை செய்தவர் யார், ஐயா? எழுதியதை நாம் திருத்தி எழுதினால், எழுதியவர்கள் நல்லவர்களாகப் போய்விடுவார்கள்" என்றாள். கூலியாள் என்று எழுதலாம் என்று நான் சொன்னேன். தமிழ் மரபுக்கு அதுவே பொருந்தும். அதற்கும் அவள் தலையசைத்தாள். வெட்டியெறியப்பட்ட 'ஆளை' நான் கருணை கூர்ந்து ஒட்டிக் கொடுப்பது அவளுக்கு உவப்பாயில்லை. என் மாணவி என்னைவிடக் கண்டிப்பான உரையாசிரியராகிவிட்டாள் என்று கண்டு உள்ளூர மகிழ்ந்தேன்.

தேர் நாளன்று பாட்டியும் பேத்தியும் மறுபடி வந்தார்கள். அம்மாயியின் நெற்றியில் அம்மன் குங்குமம் இருந்தது. இம்முறை நான் கிழவியையே கேட்டேன்.

"ஆத்தா, உங்கள் தாத்தா தோட்டத்திலே என்ன வேலை செய்தார்?"

"எங்க தாத்தாவா? அவரு கவ்வாத்து வெட்டுறவருங்க. அந்த மலையிலே அவரு கத்தி வச்சா, செடி ஒரே மட்டமா, பாய் விரிச்சாப்புல இருக்குமாம். நான் சின்னப் புள்ளையிலே பார்த்திருக்கேன். அந்தக் கத்தியை வேற யாரையும் தொட விடமாட்டாரு. முள்ளுக்குத்துக்கு ஒருத்தரு, கான் வெட்டுக்கு ஒருத்தரு, எல்லாத்துக்கும் ஆளு இருந்தாங்க. கவ்வாத்துக்கு எங்க தாத்தாதான்."

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது எளிய காரியமன்று. எந்தக் கொம்பை எந்த உயரத்திலே, எந்தச் சாய்விலே அறுப்பது என்பது தெரியாதவன் கத்தி எடுத்தால் செடி பட்டுப்போகும். தெரிந்தவன் வெட்டினால் மீண்டும் தழைத்துக் கொழுந்து விடும். அவ்வளவு அறிவும் கைத்திறனும் அந்த ஐந்தெழுத்துக்குள்ளே போய் மறைந்து கிடந்தன. நானும் இரண்டு நாளாக அகராதிகளில் தேடினேன். அருகில் இருந்தவளைக் கேட்கத் தோன்றவில்லை.

அத்தாட்சிப் பத்திரத்தின் தமிழ்ப் பெயர்ப்பிலே, தொழில் என்ற கட்டத்தில், 'கூலி' என்று மேற்கோட் குறிக்குள் உள்ளபடியே எழுதினேன். அடுத்த தாளிலே, மாணவியின் குடும்ப வரலாற்றுக் கொப்பிக்காக, கிழவியின் பாட்டனாருடைய பெயரை முதலில் எழுதி, அவர் தந்தை பெயரையும் அவள் சொல்லக் கேட்டு எழுதி, 'கவ்வாத்து வெட்டுபவர்' என்று எழுதினேன். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது, கிழவிக்குக் காது மந்தமாதலால், தேர் மேளத்துக்கு மேலாக உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தாள்.

"பேரைச் சரியாப் போட்டீங்களாங்க?" என்றாள்.

"முழுப்பேர் போட்டிருக்கிறேன், ஆத்தா" என்றேன்.